கடல் கடந்த கணக்கு

ஐந்து லட்சம் ரூபாய் பதினைந்து லட்சமாகத் தெரியும் ஓர் இடம் இருக்கிறது.

கோயம்புத்தூர் வங்கி ஒன்றில் ஐந்து லட்சம் ரூபாய் எஃப்.டி. மார்ச் மாதம் முதிர்கிறது. பணம் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. ஏப்ரலில் வேறொரு வங்கியில் வட்டி கொஞ்சம் கூடுதல் என்று அங்கே புது எஃப்.டி. போடுகிறார்கள். ஆண்டு முழுக்க இருந்தது அதே ஐந்து லட்சம்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு உரியவர் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் குடியேறியவர் என்றால், அந்நாட்டுப் படிவம் ஒன்றில் இந்தப் பணம் பதினைந்து லட்சம். "உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. "ஒவ்வொரு கணக்கிலும் இந்த ஆண்டில் அதிகபட்சமாக எவ்வளவு இருந்தது?" என்று கேட்டு, அந்த உச்சங்களைக் கூட்டுகிறது. பழைய எஃப்.டி.யில் ஐந்து, சேமிப்பில் ஐந்து, புது எஃப்.டி.யில் ஐந்து. ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 5,882 டாலர் இப்போது 17,647 டாலர். படிவத்தின் வரம்பு 10,000 டாலர். ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் சம்பாதிக்காமல், பணத்தை இடம் மாற்றியதாலேயே அவர் வரம்பைத் தாண்டிவிட்டார்.

அந்தப் படிவத்தின் பெயர் எஃப்பார்; அமெரிக்க வசிப்பாளர் தன் வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அரசுக்குத் தெரிவிக்கும் அறிக்கை. அதை நிரப்புவதால் ஒரு சென்ட்கூட வரி கிடையாது. சொன்னால் போதும். சொல்வது வேறு, செலுத்துவது வேறு என்ற இந்த ஒரே கோட்டில்தான் கடல் கடந்த சேமிப்பின் கணக்கு முழுவதும் நிற்கிறது. ஊர்விட்டு ஊர் போகும் ஒருவரின் பணத்தை இரண்டு அரசுகள் எப்படி அடையாளம் காண்கின்றன, எப்படி அளக்கின்றன, இருமுறை வரி விழாமல் எப்படிப் பங்கிடுகின்றன என்று உள்ளே போய்ப் பார்த்தால், வறண்ட படிவங்களுக்குப் பின்னால் ஒரு கடிகாரத்தின் நுட்பம் தெரியும்.

நாட்களுக்கு எடை உண்டு

அந்தக் கணக்குக்கு உரியவரைச் செல்வி என்று கற்பனை செய்துகொள்வோம். கோவைக்காரர், மென்பொருள் பொறியாளர். எச்-1பி விசாவில் அக்டோபர் 1 அன்று ஆஸ்டினில் இறங்குகிறார். அவர் எந்த நாளிலிருந்து அமெரிக்க வரி வசிப்பாளர், அதாவது உலகில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்? இதற்கு விசா முத்திரையைப் பார்த்தால் விடை கிடைக்காது. நாட்களை எண்ண வேண்டும்.

எண்ணும் முறை அழகானது. இந்த ஆண்டில் இருந்த ஒவ்வொரு நாளும் முழு நாள். போன ஆண்டில் இருந்த நாள் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு முந்தைய ஆண்டின் நாள் ஆறில் ஒரு பங்கு. நாள் பழசாகப் பழசாக அதன் எடை குறைகிறது. மூன்றையும் கூட்டி 183 வந்துவிட்டால், இந்த ஆண்டில் மட்டும் குறைந்தது 31 நாட்களாவது இருந்திருந்தால், அவர் வசிப்பாளர். ஆண்டுக்கு 122 நாட்கள் வீதம் மூன்று ஆண்டுகள் தங்குபவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 122, அதன் மூன்றில் ஒரு பங்கு 40.67, ஆறில் ஒரு பங்கு 20.33. கூட்டினால் மிகச் சரியாக 183. ஆண்டுக்கு நான்கே மாதம் வந்து போகிறவரும் மூன்றாம் ஆண்டில் வலைக்குள் வந்துவிடுகிறார்.

செல்விக்கு முதல் ஆண்டில் 92 நாட்கள்தான். எனவே அந்த ஆண்டு அவர் வசிப்பாளர் இல்லை. கோவைக் கணக்குகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் அவர் வசிப்பாளர். அவருடைய தோழி எஃப்-1 மாணவர் விசாவில் அதே விமானத்தில் வந்திருந்தால்? மாணவரின் நாட்களுக்கு ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை எடையே கிடையாது. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறை. ஒருவர் வசிப்பாளர், மற்றவர் இல்லை.

இந்தியாவும் நாட்களைத்தான் எண்ணுகிறது. இங்கே முதன்மையான எல்லைக்கோடு 182 நாட்கள். ஆண்டில் பாதி 182.5 நாள். இந்தியா அதற்கு அரை நாள் கீழே கோடு போட்டிருக்கிறது, அமெரிக்கா அரை நாள் மேலே. இரண்டு நாடுகளும் கேட்பது ஒன்றையே: ஆண்டில் பாதியாவது எங்களோடு இருந்தீர்களா?

அப்படியும் ஒருவரை இரண்டு நாடுகளும் தம்மவர் என்று சொல்லிவிட்டால்? அதற்கு ஓர் ஏணி இருக்கிறது. 1989-இல் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 4-வது பிரிவு அது. முதல் படி: உங்களுக்கு நிலையான வீடு எந்த நாட்டில்? இரண்டிலும் உண்டு என்றால் அடுத்த படி: உங்கள் குடும்பமும் பிழைப்பும் எங்கே நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன? அதுவும் தீராவிட்டால், வழக்கமாக எங்கே தங்குகிறீர்கள்? அதற்கும் மேல், எந்த நாட்டுக் குடிமகன்? எந்தப் படியிலும் விடை கிடைக்காவிட்டால் இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிவெடுப்பார்கள். 'உன் வீடு எது?' என்று ஒரு வரி ஒப்பந்தம் படிப்படியாகக் கேட்கிறது.

உச்சத்தை அளக்கும் படிவம்

எஃப்பாரின் வேர் 1970-இல் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. பெயர் 'வங்கி ரகசியச் சட்டம்'. பெயரைக் கேட்டால் ரகசியத்தைக் காப்பதற்கான சட்டம் போலிருக்கும்; நோக்கம் நேர் எதிர். குற்றக் கும்பல்கள் வெளிநாட்டு ரகசியக் கணக்குகளில் பணத்தைப் பதுக்குவதைக் கண்டுபிடிக்க வந்த சட்டம் அது. அதனால்தான் எஃப்பார் வருமான வரிப் படிவத்தோடு சேர்ந்து போவதில்லை. அமெரிக்க நிதித் துறையின் கீழ் நிதிக் குற்றங்களைக் கவனிக்கும் ஃபின்சென் என்ற தனி அமைப்புக்கு, இணையம் வழியாகத் தனியே போகிறது. கடைசி நாள் ஏப்ரல் 15. தவறினால் யாரும் கேட்காமலேயே அக்டோபர் 15 வரை தானாக நீளும்.

குற்றவாளியைப் பிடிக்கப் பின்னிய வலை என்பதால்தான் அது உச்சத்தைக் கேட்கிறது. டிசம்பர் 31 அன்றைய இருப்பைக் கேட்டால், 30-ஆம் தேதி பணத்தை வெளியே எடுத்து ஜனவரி 2-இல் திரும்பப் போட்டுவிடலாம். ஆண்டின் உச்சத்தைக் கேட்டால் அந்தத் தந்திரம் பலிக்காது. செல்வியின் எஃப்.டி. மும்மடங்கானது இந்த முன்ஜாக்கிரதையின் பக்கவிளைவு.

டாலருக்கு மாற்றுவதில் இன்னொரு நுணுக்கம். உச்சம் மார்ச் மாதம் வந்திருந்தாலும், மார்ச் மாத மாற்று விகிதம் வேண்டாம். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்கு அமெரிக்க நிதித் துறை வெளியிடும் விகிதத்தையே எல்லாக் கணக்குக்கும் பயன்படுத்த வேண்டும். வரும் தொகையில் சில்லறை இருந்தால் அடுத்த முழு டாலருக்கு ஏற்ற வேண்டும். 15,265 டாலர் 25 சென்ட் என்றால் 15,266 என்று எழுத வேண்டும். உலகின் எந்த நாணயத்தில் இருந்தாலும் எல்லாக் கணக்குகளும் ஒரே நாளின் ஒரே அளவுகோலில் வந்து நிற்கின்றன.

கூட்டுக் கணக்கில் இது இன்னும் வியப்பு. அப்பா தன் ஓய்வூதியப் பலன் இருபது லட்சத்தை வங்கியில் போட்டு, 'இருவரில் ஒருவர்' என்று மகள் பெயரையும் சேர்த்திருக்கிறார். பணம் முழுக்க அவருடையது. மகள் ஒரு ரூபாய் தொட்டதில்லை. ஆனாலும் செல்வியின் எஃப்பாரில் பாதியான பத்து லட்சத்தை எழுதக் கூடாது. இருபது லட்சத்தையும் எழுத வேண்டும். சொந்தம் மட்டுமல்ல, கையெழுத்துப் போட்டுப் பணத்தை நகர்த்தும் அதிகாரமும் இங்கே கணக்கு. செல்வி செயலாளராக இருக்கும் ஊர்ச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அவர் கையெழுத்து செல்லும் என்றால், அதுவும் பட்டியலில் வரும்.

எது உள்ளே, எது வெளியே என்பதிலும் ஒரு புதிர் உண்டு. கோவையில் தன் பெயரில் இருக்கும் வீடு எஃப்பாரில் வராது. பீரோவில் இருக்கும் நகையும் வராது. ஆனால் அதே பீரோவில் நகைக்குக் கீழே கிடக்கும் எல்ஐசி எண்டோமென்ட் பாலிசி வரும். இடையில் ஒப்படைத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் 'சரண்டர் மதிப்பு' அதற்கு உண்டு என்பதால், அது பாலிசி வேடமிட்ட சேமிப்பு என்று சட்டம் பார்க்கிறது.

எஃப்பாருக்கு ஓர் இரட்டையர் உண்டு: 8938-ஆம் படிவம். இது வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு, வரிக் கணக்கோடு சேர்ந்து போகும். அமெரிக்காவில் வாழும் தனிநபருக்கு வரம்பு ஆண்டிறுதியில் 50,000 டாலர், அல்லது ஆண்டின் எந்த நாளிலும் 75,000 டாலர். கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால் இது இரட்டிப்பு. வெளிநாட்டில் வாழும் அமெரிக்கருக்கு வரம்பு இன்னும் உயரம்: தனிநபருக்கு 2,00,000 அல்லது 3,00,000 டாலர். வெளிநாட்டில் வாழ்பவருக்கு அங்கே கணக்கு இருப்பது இயல்புதானே என்ற நியாயம் அந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரே எஃப்.டி. இரண்டு படிவங்களிலும் வரலாம். ஒன்றில் சொன்னதால் மற்றொன்றில் விட்டுவிட முடியாது.

வங்கிகள் பேசிக்கொள்ளும் மொழி

'கோவையில் இருக்கும் கணக்கு வாஷிங்டனுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்காதவர் குறைவு. 2009 வரை அது நியாயமான கேள்விதான். அந்த ஆண்டு, அமெரிக்கர்கள் வரி ஏய்க்க உதவிய வழக்கில் சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கி 78 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உள்ளிருந்து தகவல் தந்த முன்னாள் ஊழியர் பிராட்லி பிர்க்கன்ஃபெல்டுக்கு 2012-இல் அமெரிக்க அரசு கொடுத்த சன்மானம் 10.4 கோடி டாலர். அந்தப் புயலில் பிறந்ததுதான் ஃபாட்கா, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுக் கணக்கு வரி இணக்கச் சட்டம்.

அதன் சூட்சுமம் ஒரே வரியில் அடங்கும். உலகத்தின் எந்த வங்கியையும் அமெரிக்கா நேரடியாக ஆள முடியாது. ஆனால் உலகின் பெரும்பாலான வங்கிகளுக்கு அமெரிக்காவிலிருந்து ஏதாவது பணம் வந்துகொண்டே இருக்கும். 'உங்களிடம் கணக்கு வைத்திருக்கும் எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எங்கள் நாட்டிலிருந்து உங்களுக்கு வரும் பணத்தில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வோம்' என்றது சட்டம். ஊருக்குள் வாய்க்கால் யாருடையதாக இருந்தாலும் மடை அமெரிக்காவின் கையில் இருந்தது.

இந்தியா 2015 ஜூலை 9 அன்று இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன் பிறகு இந்திய வங்கிகள் தம் கணக்குகளில் அமெரிக்கச் சாயலைத் தேடுகின்றன: பிறந்த இடம் அமெரிக்காவா, முகவரி அங்கேயா, தொலைபேசி எண் அங்கேயா, அங்குள்ள கணக்குக்குப் பணம் அனுப்ப நிலையான உத்தரவு இருக்கிறதா? சாயல் தெரிந்தால் கணக்குதாரரிடம் உறுதிமொழி கேட்கும். புதுக் கணக்கு திறக்கும்போதும் மியூச்சுவல் ஃபண்டில் சேரும்போதும் 'வேறு நாட்டில் வரி கட்டுகிறீர்களா?' என்று ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொல்கிறார்களே, அது இந்த இயந்திரத்தின் வாசல்தான். சேர்ந்த தகவல் இந்திய வருமான வரித் துறைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகிறது. எதிர்த்திசையில், அமெரிக்க வங்கிகளில் இந்திய வசிப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்குகளின் தகவல் இங்கே வருகிறது.

மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. 2014-இல் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு சிஆர்எஸ் என்ற பொது அறிவிப்பு நெறியை வகுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் இன்று இதன்படி ஆண்டுக்கொருமுறை கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. 2017 செப்டம்பரில் நடந்த முதல் பரிமாற்றத்திலேயே இந்தியா இருந்தது. சிங்கப்பூரில், லண்டனில், டொரன்டோவில் இருக்கும் தமிழரின் கணக்குகள் இந்தப் பாதையில் பயணிக்கின்றன. அமெரிக்கா மட்டும் இதில் சேராமல் தன் ஃபாட்கா வழியிலேயே போகிறது.

இரண்டு காலண்டர், ஒரு வட்டி

இதுவரை சொல்வது. இனிச் செலுத்துவது. செல்வியின் எஃப்.டி. வட்டிக்கு அமெரிக்காவிலும் வரி உண்டு. முதல் சிக்கல் காலண்டர். இந்தியாவின் வரி ஆண்டு சித்திரை பிறப்பதற்குச் சற்று முன் ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அமெரிக்காவுடையது ஜனவரி 1-இல். கோவை வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை. செல்வி அதை வெட்டி, ஜனவரி-மார்ச் துண்டைப் போன ஆண்டுச் சான்றிதழிலிருந்தும், ஏப்ரல்-டிசம்பர் துண்டை இந்த ஆண்டுச் சான்றிதழிலிருந்தும் எடுத்து ஒட்ட வேண்டும். ஒரே துணியை இரண்டு முழக்கோலால் அளப்பது போன்ற வேலை.

இருமுறை வரி விழாமல் தடுப்பது 'அயல்நாட்டு வரி வரவு'. ஒரு நாட்டில் கட்டிய வரியை மறுநாட்டு வரியில் கழித்துக்கொள்ளும் முறை இது. வெளிநாடு வாழ் இந்தியர் (என்ஆர்ஐ) தன் இந்திய வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் வட்டி வந்தது என்போம். ஒப்பந்தப்படி இந்தியா அதிகபட்சம் 15 சதவீதம் எடுக்கலாம்: 15,000 ரூபாய். செல்வி அமெரிக்காவில் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் அங்கே வரி 22,000 ரூபாய். அதில் 15,000-ஐக் கழித்து மீதி 7,000 மட்டும் அமெரிக்காவுக்கு. மொத்தம் 22,000. இரண்டு நாடுகள் கை நீட்டினாலும் கட்டுவது இரண்டில் பெரிய தொகை மட்டுமே.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோவை வங்கி 15 சதவீதம் பிடிக்க வேண்டுமானால், செல்வி அமெரிக்க வசிப்பாளர் என்பதற்கு ஐஆர்எஸ் தரும் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என்ஆர்ஐ விகிதமான 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீதச் செஸ்ஸும் சேர்ந்து 31,200 ரூபாய் டிடிஎஸ்ஸாக, அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரியாக, போய்விடும். அந்த முழுத் தொகையையும் அமெரிக்காவில் கழிக்க முடியாது. ஒப்பந்த அளவைத் தாண்டிய 16,200 ரூபாயை இந்தியாவில் கணக்குத் தாக்கல் செய்து இந்தியாவிடம்தான் திரும்பப் பெற வேண்டும். வாங்கியவரிடம்தான் கேட்க வேண்டும் என்ற கடைத்தெரு நியாயமே இங்கும்.

இந்தியாவில் வரியே இல்லாத சேமிப்புக்கு நிலைமை தலைகீழ். பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி 1968 முதல் நம் குடும்பங்களின் நம்பிக்கை. 15 ஆண்டுத் திட்டம். 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமாகக் குறைந்தது. பத்து லட்சம் இருந்தால் அந்த விகிதத்தில் ஆண்டுக்கு 71,000 ரூபாய் வட்டி. இந்தியாவில் வரி பூஜ்யம். அந்தச் சலுகையை வழங்கியது இந்தியச் சட்டம். அமெரிக்கச் சட்டத்துக்கு பிபிஎஃப் என்ற பெயரே தெரியாது. எனவே கையில் ஒரு ரூபாய் வராத ஆண்டிலும், 22 சதவீத அடுக்கில் 15,620 ரூபாய் அங்கே வரி. இந்தியாவில் வரி கட்டாததால் கழிக்கவும் எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை வைக்கும் என்ஆர்இ கணக்கின், இங்கே வரி விலக்குப் பெற்ற வட்டிக்கும் இதே கதை.

எல்லாவற்றிலும் விசித்திரம் மியூச்சுவல் ஃபண்ட். 1986-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. பணக்காரர்கள் வெளிநாட்டு நிதிகளில் முதலிட்டுப் பல்லாண்டு வரியைத் தள்ளிப்போடுவதைத் தடுக்க, 'செயலற்ற அயல் முதலீட்டு நிறுவனம்' என்ற வகையை உருவாக்கியது. சுருக்கமாக பிஃபிக். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் பொதுவாக இந்த வகைக்குள் வந்துவிடுகின்றன. விற்கும்போது கிடைக்கும் லாபத்தைச் சட்டம் காலத்தில் பின்னோக்கிப் பரப்புகிறது. அமெரிக்காவில் குடியேறிய பின் வாங்கி ஐந்து ஆண்டு வைத்திருந்து விற்றதில் ஐந்து லட்சம் லாபம் என்றால், ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று பிரிக்கும். இந்த ஆண்டின் ஒரு லட்சத்துக்கு வழக்கமான வரி. முந்தைய நான்கு லட்சத்துக்கும் அந்தந்த ஆண்டின் உச்ச வரி விகிதம், இப்போது 37 சதவீதம். அதோடு, அன்றே கட்டியிருக்க வேண்டிய வரிக்கு இன்றுவரை வட்டி. மாதாமாதம் எஸ்ஐபி போட்டிருந்தால் ஐந்து ஆண்டில் 60 தவணை. ஒவ்வொரு தவணைக்கும் தனி வயது, தனிக் கணக்கு. ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்ற தனிப் படிவம். ஆண்டுதோறும் சந்தை விலையில் லாபத்தைக் காட்டி வரி கட்டிவிடும் மாற்று வழியும் சட்டத்தில் உண்டு. கோடீஸ்வரர்களுக்காகப் பின்னிய வலை. மாதம் இரண்டாயிரம் ரூபாய் எஸ்ஐபியும் அதில் மாட்டுகிறது.

திரும்பி வரும்போது

பதினோரு ஆண்டுகள் கழித்து செல்வி கோவைக்கே திரும்புகிறார். இப்போது கண்ணாடி திரும்புகிறது. ஆஸ்டின் வங்கிக் கணக்கு வெளிநாட்டுக் கணக்கு ஆகிறது. 401(கே) என்ற ஓய்வுக்கால நிதி வெளிநாட்டுச் சொத்து ஆகிறது. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்த நிதிக்கு, வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணே பெயராக ஒட்டிக்கொண்டது.

நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்றை நட்டதும் அது வேர்பிடிக்கச் சில நாள் அவகாசம் கொடுப்போம். இந்திய வரிச் சட்டமும் அப்படி ஓர் அவகாசம் தருகிறது. ஆர்என்ஓஆர் என்று பெயர்: இந்தியாவில் வசிப்பவர், ஆனால் இன்னும் முழு வசிப்பாளராக ஆகாதவர். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் என்ஆர்ஐயாக இருந்திருந்தால், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் கழித்தது 729 நாட்களுக்கு மேற்படாமல் இருந்தால் இந்தத் தகுதி. 729 என்பது சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு. செல்விக்கு இரண்டு ஆண்டுகள், வந்த மாதத்தைப் பொறுத்து மூன்றாம் ஆண்டும் இது கிடைக்கலாம். அந்தக் காலத்தில் அவருடைய அமெரிக்க வட்டிக்கு இந்தியா வரி கேட்பதில்லை. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலும் கேட்பதில்லை.

அவகாசம் முடிந்ததும் 'ஷெட்யூல் எஃப்ஏ' வருகிறது. அது வரிக் கணக்கோடு சேரும் அயல்நாட்டுச் சொத்து அட்டவணை. அமெரிக்காவுக்கு 10,000 டாலர் வரம்பு இருந்தது. இங்கே வரம்பே இல்லை. நூறு டாலர் கிடக்கும் மறந்துபோன கணக்கும் எழுத வேண்டியதே. எஃப்பாரில் வீடு வரவில்லை; இங்கே வெளிநாட்டில் உள்ள வீடும் வரும். எளிய ஐடிஆர்-1 படிவத்தை வெளிநாட்டுச் சொத்து உள்ளவர்கள் பயன்படுத்த முடியாது. அளவுகோலும் மாறுகிறது: ரூபாய்க்கு மாற்ற, ஸ்டேட் பேங்க் அறிவிக்கும் தந்திமாற்றுக் கொள்முதல் விகிதம். இன்னொரு வியப்பு, ஏப்ரலில் தொடங்கும் இந்திய ஆண்டுக்கான கணக்கிலும் இந்த அட்டவணை மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலத்தைக் கேட்கிறது. வெளிநாட்டு வங்கி தரும் அறிக்கை அந்தக் காலண்டரில்தான் இருக்கும் என்பதற்கேற்ப, இங்கே இந்தியா தன் முழக்கோலைத் தள்ளி வைத்திருக்கிறது.

401(கே)க்குள் ஒரு நேரப் பிழை இருந்தது. அதில் வளரும் பணத்துக்கு அமெரிக்கா, எடுக்கும்போதுதான் வரி கேட்கும். 59 வயது ஆறு மாதத்துக்கு முன் எடுத்தால், பெரும்பாலும் 10 சதவீதம் கூடுதலாகவும் கேட்கும். இந்தியாவோ வளர்ச்சியை ஆண்டுக்காண்டு வருமானமாகப் பார்க்கக்கூடிய நிலை. இந்தியாவில் இன்று கட்டிய வரி, அமெரிக்காவில் இருபது ஆண்டு கழித்து விழும் வரி. இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில் நிற்பதால் ஒன்றை மற்றொன்றில் கழிக்க வழியில்லை. பங்கிடும் இயந்திரத்தின் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தொடாமலே சுற்றின.

2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதைச் சரிசெய்தது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 89ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டால், அமெரிக்கா எந்த ஆண்டில் வரி கேட்கிறதோ அதே ஆண்டில் இந்தியாவும் கேட்கும். சக்கரங்கள் இணைந்துவிட்டன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்று நாடுகளின் ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு இந்த ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பின்வாங்க முடியாது.

செல்வியின் மகன் ஆஸ்டினில் பிறந்தவன். ஆகவே அமெரிக்கக் குடிமகன். குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் அவர்கள் வருமானத்துக்கு வரி கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1924-இலேயே சொல்லிவிட்டது. கோவையில் பள்ளிக்குப் போகும் அந்தப் பையனுக்கு ஆஸ்டினில் உள்ள கணக்கு இந்தியாவின் பார்வையில் வெளிநாட்டுக் கணக்கு. பள்ளிக்குப் பக்கத்து வங்கியில் தாத்தா திறந்து கொடுத்த கணக்கு அமெரிக்காவின் பார்வையில் வெளிநாட்டுக் கணக்கு. அவனுக்கு உள்நாட்டுக் கணக்கு என்று ஒன்று, இரண்டு நாடுகளும் ஒப்புக்கொள்ளும்படி, உலகில் எங்கும் இல்லை.

மௌனத்தின் விலை

ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகி, 1990-இல் ருமேனியாவுக்கே திரும்பித் தொழிலில் உயர்ந்தவர் அலெக்சாண்ட்ரு பிட்னர். எஃப்பார் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஐந்து ஆண்டுகள், மொத்தம் 272 கணக்குப் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் 10,000 டாலர் என்று அரசு கேட்ட அபராதம் 27.2 லட்சம் டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரி 28 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: தெரியாமல் விட்டதற்கான அபராதம் கணக்கு ஒன்றுக்கு அல்ல, படிவம் ஒன்றுக்கு. ஐந்து படிவம், 50,000 டாலர். ஒரு சொல்லுக்குக் கொண்ட பொருள் மாறியதில் 26.7 லட்சம் டாலர் மிச்சமானது.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் இன்னும் கடுமை. வெளிநாட்டுச் சொத்தைச் சொல்லாமல் விட்டதற்கு மட்டுமே பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். சொத்தின் மதிப்பு அதைவிடக் குறைவாக இருந்தாலும் அபராதம் அதுவாகவே இருந்தது. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் இருபது லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம்தான் இல்லையே தவிர, சொல்ல வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

மறந்தவருக்குக் கதவு மூடிவிடவில்லை. வேண்டுமென்று மறைக்காதவர்கள் மூன்று ஆண்டு வரிக் கணக்கையும் ஆறு ஆண்டு எஃப்பாரையும் சேர்த்துக் கொடுத்துச் சீர்செய்துகொள்ள அமெரிக்காவில் தனி வழிமுறை இருக்கிறது. இந்தியாவிலும் வருமான வரித் துறை, வெளிநாடுகளிலிருந்து வந்த தகவலை வைத்து 2024 நவம்பரில் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பி நினைவூட்டியது. அந்த முயற்சியில் 24,678 பேர் தங்கள் கணக்கைத் திருத்தி, 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்தைத் தெரிவித்தார்கள். தகவல் ஏற்கெனவே துறையின் கையில் இருந்தது; அவர்கள் வாயால் சொல்வதற்காகத்தான் துறை காத்திருந்தது.

ஆகவே கடல் கடக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு தாளை எடுங்கள். இங்கும் அங்கும் உங்கள் பெயர் இருக்கும் எல்லாக் கணக்குகளையும் எழுதுங்கள்: வங்கிப் பெயர், கணக்கு எண், ஆண்டின் உச்ச இருப்பு, டிசம்பர் 31 இருப்பு, வட்டி, பிடித்த வரி. அப்பாவோடு சேர்ந்த கணக்கு, பிபிஎஃப், எல்ஐசி பாலிசி, எஸ்ஐபி, 401(கே) எதையும் விடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் அதைப் புதுப்பித்து இரு நாட்டு ஆடிட்டரிடமும் கொடுங்கள். எந்தப் படிவம், எந்த விகிதம், எந்தப் பிரிவு என்பது அவர்கள் வேலை. எந்தக் கணக்கும் விடுபடாமல் சொல்வது மட்டும் உங்கள் வேலை. அந்தக் கணக்குகளில் பலவற்றுக்கு வரி கொஞ்சமாகவோ இல்லாமலோ போகலாம். சொல்லாமல் விட்ட கணக்குத்தான் விலை உயர்ந்த கணக்கு.